பிஎம் கிசான் பணத்தை எடுத்துத் தருகிறேன் என்று தேக்காவில் யாராவது வந்தால் நம்பிவிடாதீர்கள்

சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டு ஊரில் அப்பா அம்மா பெயரில் நிலம் வைத்திருப்பவர்கள், முக்கியமாக டெல்டாக்காரர்கள், இதைக் கொஞ்சம் படியுங்கள்.

எங்களுக்கு மன்னார்குடி பக்கம் கொஞ்சம் நஞ்சை, பட்டா அப்பா பெயரில். விவசாயிகளுக்கு மத்திய அரசு தரும் பிஎம் கிசான் உதவித்தொகையில் நாலு மாதத்துக்கு ஒரு தடவை 2,000, வருஷத்துக்கு 6,000 ரூபாய் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. இ-கேஒய்சி, அதாவது ஆதாரை வைத்துச் செய்யும் அடையாளச் சரிபார்ப்பு, முடிக்கவில்லை என்று ஒரு தவணை நின்றுபோனது. இங்கே லிட்டில் இந்தியாவில், தேக்காவில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவர் நிற்பார், பட்டா மாறுதல், வாரிசுச் சான்றிதழ், பயிர்க்காப்பீடு என்று எதைக் கேட்டாலும் "ஊர்ல ஆள் இருக்குண்ணே, பார்த்துக்கலாம்" என்பார். இ-கேஒய்சியையும் முடித்துத் தருகிறேன் என்று 80 வெள்ளியைப் பேநவ்வில் (போன் வழியாகப் பணம் அனுப்பும் வசதி) வாங்கிக்கொண்டார். சொன்னபடியே அவர் ஆள் கைரேகை மெஷினோடு எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டான்.

அப்பாவுக்கு வயல் வேலையில் தேய்ந்த விரல், ரேகை லேசில் விழாது. ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து மறுபடி மறுபடி வைக்கச் சொல்லியிருக்கிறான், நடுவில் போனுக்கு வந்த ஓடிபியையும் கேட்டு வாங்கியிருக்கிறான். அம்மா "எதுக்குத் தம்பி இத்தனை தடவை?" என்றதற்கு "சர்வர் ஸ்லோம்மா" என்றானாம்.

இ-கேஒய்சி முடிந்தது உண்மைதான். ஆனால் அந்த உட்காரலிலேயே அப்பா பெயரில் வேறொரு வங்கியில் புதுக் கணக்குத் திறந்து ஆதாரையும் அதில் இணைத்துவிட்டான். நம்மில் பலருக்குத் தெரியாத இடம் இதுதான்: இந்தப் பணம் ஆதார் கடைசியாக எந்தக் கணக்கோடு இணைக்கப்பட்டதோ அங்கேதான் போய் விழும், எத்தனை வருஷப் பழைய பாஸ்புக் கையில் இருந்தாலும் சரி. கணக்குக்குக் கொடுத்த போன் நம்பரும் அவர்களுடையது. இணையத்தில் பார்த்தால் பணம் செலுத்தியாயிற்று என்கிறது, அப்பா வங்கியில் கேட்டால் வரவில்லை என்கிறார்கள். வேளாண்மை விரிவாக்க மையத்தில் ஒரு அலுவலர்தான் வேறு வங்கியின் பெயர் இருப்பதைக் காட்டினார். அதற்குள் இரண்டு தவணை போய்விட்டது. 4,000 ரூபாய்தானே என்று சொல்லாதீர்கள், டிஏபி மூட்டை 1,350 ரூபாய், சம்பாவுக்குக் கிட்டத்தட்ட மூன்று மூட்டை உரம் அது.

கேட்டால் "எனக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை" என்கிறார் இங்கே இருப்பவர், இப்போது போனே எடுப்பதில்லை.

இதே ஆள் "உங்க பேர்லயும் போட்டுத் தர்றேன்" என்று ஒர்க் பெர்மிட் தம்பிகளிடம் பணம் வாங்கிக்கொண்டிருக்கிறார். வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கு இந்தத் திட்டம் கிடையாது. 2020ல் தமிழ்நாட்டில் இப்படித்தான் புரோக்கர்களும் கம்ப்யூட்டர் சென்டர்களும் சேர்ந்து தகுதியில்லாத 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்துவிட்டார்கள், சுமார் 110 கோடி ரூபாய் போனது, சிபிசிஐடி விசாரித்தது. அப்புறம் பணத்தைத் திருப்பிக் கேட்டு அதிகாரிகள் வந்து நின்றது கணக்கில் பெயர் இருந்தவர்களிடம்தான்.

இ-கேஒய்சிக்கு ஆளே தேவையில்லை. பிஎம் கிசான் செயலியில் முகத்தைக் காட்டியே முடிக்கலாம், காசு கிடையாது, பொது சேவை மையத்துக்குப் போனாலும் சின்னக் கட்டணம்தான். ஆதார் எந்த வங்கியோடு இருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்திலேயே பார்க்கலாம், இன்றைக்கே அப்பா அம்மாவுக்குப் பார்த்துவிடுங்கள். மாறியிருந்தால் பழைய வங்கியில் எழுதிக் கொடுத்துத் திரும்ப இணைக்கச் சொல்லுங்கள். ஆதார் செயலியில் கைரேகையை வேறு யாரும் பயன்படுத்த முடியாதபடி பூட்டியும் வைக்கலாம். பிஎம் கிசான் உதவி எண் 155261, இந்தியாவில் சைபர் புகாருக்கு 1930, இங்கே மோசடியோ என்று சந்தேகம் இருந்தால் 1799.

ஊரில் அப்பா புகார் கொடுத்துவிட்டார், இங்கே நானும் போலீஸ் ரிப்போர்ட் கொடுத்திருக்கிறேன். அந்த ஆளிடம் பணம் கொடுத்தவர்கள் பேநவ் ஸ்கிரீன்ஷாட்டையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு நீங்களும் ரிப்போர்ட் கொடுங்கள், எனக்கும் ஒரு செய்தி போடுங்கள்.