ஓடும்போது அணையும் பழைய வேன்: பார்ட் மாற்றுவதா, ஸ்கேனரா, மூன்று பல்பா?

எங்கள் வேன் 2008 மாடல், பெட்ரோல், பி.எஸ்.3 (வண்டிப் புகைக்கான அரசு விதியின் ஒரு படி). எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கும். தேனியில் இட்லி மாவுப் பாக்கெட் ஏற்றிக்கொண்டு சின்னமனூர், உத்தமபாளையம் வழியாகக் கம்பம் வரை கடை கடையாகப் போட்டுவிட்டு வருவது அதன் வேலை. போன வருடம் சித்திரையில் அது ஓடும்போதே அணைய ஆரம்பித்தது. திணறாது, குலுங்காது. சாவியைத் திருப்பியது போல ஒரே நொடியில் அணையும். பத்து நிமிடம் விட்டால் ஸ்டார்ட் ஆகிவிடும். வாரத்தில் இரண்டு முறை வரும், பிறகு பத்து நாள் வராது. வழியில் இரண்டு இடத்தில் நின்றுவிட்டால் கடைசிக் கடைக்குப் போவதற்குள் வெயில் ஏறி, மாவு பொங்கி, பாக்கெட் உப்பியிருக்கும். கடைக்காரர் வாங்கமாட்டார்.

வந்து வந்து போகும் இந்த மாதிரிப் பழுதைப் பிடிக்க மூன்று வழி சொல்வார்கள். சந்தேகப்படும் பார்ட்டை மாற்றிப் பார்ப்பது ஒன்று. எஞ்சின் கம்ப்யூட்டரில் பதிவான பழுதைப் படிக்கும் ஸ்கேனர் போடுவது இன்னொன்று. கரண்ட் வருகிறதா என்று காட்டும் டெஸ்ட் பல்பை வண்டியிலேயே கட்டிக்கொண்டு ஓட்டுவது மூன்றாவது. மூன்றையும் இதே வரிசையில் செய்து பார்த்தேன். இன்று யாராவது கேட்டால் கடைசி வழியைத்தான் முதலில் செய்யச் சொல்வேன்.

பார்ட் மாற்றுவதில் ஒரு நல்லது உண்டு: வண்டி அன்றைக்கே கைக்கு வந்துவிடும். ஃபில்டர், பிளக் போன்றவை எப்படியும் மாற்ற வேண்டியவைதான், அதில் நஷ்டம் இல்லை. ஆனால் என் வண்டியில் ஃபில்டரில் தொடங்கி, பெட்ரோல் பம்ப், பிளக், பிளக் வயர், மெயின் ரிலே (சாவி போட்டதும் எஞ்சின் பாகங்களுக்குக் கரண்டை இணைக்கும் சுவிட்ச்) என்று கிட்டத்தட்ட ஒன்பதாயிரம் ரூபாய்க்கு மாற்றியாயிற்று. ரிலேயை மாற்றிய பிறகு பதினோரு நாள் வண்டி அணையவே இல்லை. சரி, முடிந்தது என்று நினைத்தேன். பன்னிரண்டாம் நாள் வீரபாண்டி தாண்டி அணைந்தது. அந்தப் பதினோரு நாளுக்கு என்ன காரணம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இந்த வழியை நான் நம்பாமல் போனது அதனால்தான்.

ஸ்கேனரைக் குறை சொல்லமாட்டேன். புது வண்டியாக இருந்தால் அதைத்தான் முதலில் போட வேண்டும். எஞ்சின் சுற்றுவதை அறியும் கிராங்க் சென்சார் சூட்டில் விட்டுப்போகிறது என்றால் பி0335 என்ற பழுதுக் குறியீடு (கோடு) பதிவாகியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஓட்டிக்கொண்டே லைவ் டேட்டா பார்த்தால் ஆர்.பி.எம். சட்டென்று பூஜ்யத்துக்கு விழுவதையும் பார்க்கலாம். பழைய வண்டியில்தான் சிக்கல். இந்தியாவில் 2010 ஏப்ரலில் சென்னை உட்பட 13 நகரங்களுக்கு பி.எஸ்.4 வந்தபோதுதான் ஓ.பி.டி. (வண்டியே தன் பழுதைக் கண்டறிந்து பதிவுசெய்யும் அமைப்பு) கட்டாயமானது. பி.எஸ்.4 வண்டிகளுக்கு ஓ.பி.டி.-2 கட்டாயமானது 2013 ஏப்ரலில். அதற்கு முந்தைய வண்டியோடு சந்தையில் கிடைக்கும் ப்ளூடூத் கருவி பேசாமல் போகலாம். என் வண்டியோடு பேசவில்லை. அந்தக் கம்பெனிக்கென்றே உள்ள ஸ்கேனர் வைத்திருப்பவரைத் தேடிப் போனேன். இரண்டு முறை போட்டார், இரண்டு முறையும் கோடு எதுவும் இல்லை. அவர் மேல் தப்பில்லை. பழுது இருந்த இடம் அப்படி. மெயின் ரிலே வழியாகத்தான் எஞ்சின் கம்ப்யூட்டரான இ.சி.எம். பெட்டிக்கே கரண்ட் போகிறது. அந்த வழி அறுந்தால், நடந்ததை எழுதிவைக்க வேண்டிய பெட்டியே அணைந்து கிடக்கும்.

இப்போது பல்புக்கு வருகிறேன். வந்து போகும் பழுதுக்கு, அது இருக்கும் அந்தப் பத்து நிமிடம்தான் சாட்சி. வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகிவிட்டால் எல்லா வயரிலும் கரண்ட் இருக்கும், எல்லாப் பார்ட்டும் நல்லதாகவே தெரியும். பட்டறைக்குள் ஓடிக்கொண்டே வந்து நிற்கிற வண்டியில் எவ்வளவு கெட்டிக்காரராலும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. சின்னமனூரில் ஓர் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் அண்ணன் இதை எனக்குப் புரியவைத்தார். “நிக்கும்போது வண்டிய எங்கிட்ட கொண்டார முடியாதுல்ல தம்பி. அப்ப நிக்கிற எடத்துலயே நமக்குக் காட்டுற மாதிரி ஒண்ணக் கட்டி விட்ருவோம்” என்றார்.

மூன்று சின்ன 12 வோல்ட் பல்பு, ஹோல்டரோடு. முதல் பல்பின் வயர் சாவி சுவிட்சிலிருந்து வரும் லைனில். இரண்டாவது, மெயின் ரிலே வெளியே கொடுக்கும் லைனில். மூன்றாவது, பெட்ரோல் பம்புக்குப் போகும் லைனில். மூன்றின் மறுமுனையும் சுரண்டிச் சுத்தம் செய்த ஒரு நல்ல எர்த்தில். ஒவ்வொரு வயரிலும், லைனை ஒட்டியே 3 ஆம்பியர் ஃபியூஸ். இதை விட்டுவிடாதீர்கள், வயர் எங்காவது உரசி பாடியில் பட்டால் தீப்பிடிக்கும். பல்புகளை 1, 2, 3 என்று எழுதி ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டிவிட வேண்டும். எல்.இ.டி. வேண்டாம், சாதாரண பல்பு போடச் சொன்னார். வோல்டேஜ் குறைந்தால் சாதாரண பல்பு மங்குவது கண்ணுக்கு நன்றாகத் தெரியும். கரண்ட் போகும் லைனில் மட்டும்தான் இதைக் கட்டலாம், சென்சார் வயரில் கட்டவே கூடாது. எல்லாம் சேர்ந்து முந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது, கூலி தனி.

அணையும்போது பார்க்க வேண்டியது இதுதான். மூன்றும் அணைந்தால் சாவி சுவிட்ச், பேட்டரி கேபிள், எர்த். முதல் பல்பு எரிய மற்ற இரண்டும் அணைந்தால் மெயின் ரிலே, அதன் சாக்கெட், அதன் வயர். பம்ப் பல்பு மட்டும் அணைந்தால் அவசரப்பட வேண்டாம். பம்ப் ரிலேயாகவும் இருக்கலாம், கிராங்க் சென்சாராகவும் இருக்கலாம். எஞ்சின் சுற்றும் சிக்னல் வரவில்லை என்றால் இ.சி.எம்.மே பம்பை நிறுத்திவிடும். அதனால் எஞ்சின் முழுதாக நின்ற பிறகு பம்ப் பல்பு அணைவது இயல்புதான். வண்டி கியரில் உருண்டு எஞ்சின் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்போதே அணைந்தால்தான் அது துப்பு. மூன்றும் எரிந்துகொண்டிருக்கும்போதே எஞ்சின் இழுக்காமல் போனால் பம்பின் உள்ளே பழுது, ஃபில்டர், பிளக்குக்குப் பொறி கொடுக்கும் காயில், அல்லது டேங்க் காற்றுத் துளை அடைப்பு. கடைசியாகச் சொன்னதற்குச் செலவில்லாத சோதனை உண்டு: டேங்க் மூடியைத் திறக்கும்போது உஸ்ஸென்று காற்றை இழுத்து, உடனே ஸ்டார்ட் ஆனால் அதுதான்.

கட்டிய நான்காம் நாள் உத்தமபாளையத்துக்கு முன்னால் அணைந்தது. முதல் பல்பு எரிந்தது. இரண்டும் மூன்றும் அணைந்திருந்தன. வண்டியை இடதுபக்கம் உருட்டி ஒதுக்கி, ஹசார்ட் லைட் போட்டேன். (எஞ்சின் நின்றால் பிரேக்குக்குக் கிடைக்கும் வேக்கம் உதவி ஓரிரு மிதிக்குத்தான். விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே மிதியாக அழுத்திப் பிடிக்க வேண்டும்.) ரிலேயை விரலால் அழுத்தினேன். இரண்டாவது பல்பு எரிந்தது. விட்டேன், அணைந்தது.

ரிலே புதுசு, அதில் குறை இல்லை. அது செருகும் சாக்கெட்டில் ஒரு பின்னின் பிடிப்பு விட்டுப்போய், சுற்றியிருந்த பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது. பிடிப்பு தளர்ந்தால் அந்த இடம் சூடாகும், சூடானால் இன்னும் தளரும், ஆறினால் மறுபடி ஒட்டும். பத்து நிமிடக் கணக்கு அதுதான். ரிலேயை மாற்றியபோது பழையதைப் பிடுங்கிப் புதியதைச் செருகியதில் அந்தப் பின் கொஞ்சம் உரசிச் சுத்தமாகியிருக்கிறது. பதினோரு நாள் ஓடியது அந்த உரசலால். பழுது போகாமலேயே போனது போலத் தெரிந்தது. சாக்கெட்டையும் அந்த வயரின் நுனியையும் மாற்ற அறுநூறு ரூபாய் ஆனது. அதன் பிறகு ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போய்விட்டன, வண்டி ஒருமுறைகூட அணையவில்லை.

பல்பு வழியிலும் குறைகள் உண்டு. அடுத்த முறை அணையும்வரை காத்திருக்க வேண்டும். மாதம் ஒருமுறைதான் அணைகிறது என்றால் பொறுமை போய்விடும். நான்குவழிச் சாலையில் வேகமாக ஓட்டுகிறவர் பழுது வரட்டும் என்று காத்திருப்பது ஆபத்து. அவர் முதலில் ரிலே, ஃபியூஸ், எர்த் போல்ட், சாவி சுவிட்ச் கனெக்டர் எல்லாவற்றையும் எஞ்சின் ஓடும்போது ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்துவிடலாம். என் வண்டியில் அதை முதல் நாளே செய்திருந்தால் பாதிச் செலவு மிச்சமாகியிருக்கும்.

டீசல் வேனில் என் அனுபவம் குறைவு, பழைய பம்ப் வகை டீசலுக்கு எஞ்சினை நிறுத்தும் சோலினாய்டு (கரண்டில் வேலை செய்யும் வால்வு) லைனில் ஒரு பல்பு கட்டலாம் என்பதற்கு மேல் உறுதியாகச் சொல்லமாட்டேன். கேஸ் கிட் போட்ட பெட்ரோல் வேன் என்றால் பல்பு கட்டுவதற்கு முன்பே ஒன்று செய்யலாம். ஒரு வாரம் கேஸிலும் ஒரு வாரம் பெட்ரோலிலும் ஓட்டுங்கள். பெட்ரோலில் மட்டும் அணைந்தால் பம்ப் பக்கம் பாருங்கள். இரண்டிலும் அணைந்தால் பம்பை விட்டுவிட்டு, சாவி சுவிட்ச், மெயின் ரிலே, கிராங்க் சென்சார், அப்புறம் கிட் போட்டவர் வெட்டி ஒட்டிய வயர் ஜாயிண்டுகள் எல்லாவற்றையும் டேப்பைப் பிரித்துப் பாருங்கள்.