கைத்தடிக்குள் துப்பாக்கி: அமெரிக்கா பதிவு செய்கிறது, பிரிட்டன் தடை செய்கிறது

பரணில் கிடந்த பழைய சாமான்களுக்கு நடுவே ஒரு கைத்தடி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வளைந்த பிடி, கறுப்புப் பூச்சு, கைத்தடிக்குக் கொஞ்சம் அதிகமான கனம். பிடியைப் பின்னால் இழுத்தால் உள்ளே ஏதோ பூட்டிக்கொள்கிறது. மேலே சின்னதாக ஒரு குறிமுள் எழுந்து நிற்கிறது. அடியில் ஒரு பொத்தான், அதுதான் விசை. 19ஆம் நூற்றாண்டில் ரெமிங்டன் நிறுவனம் நியூயார்க் மாநிலத்து இலியனில் செய்து விற்ற கைத்தடித் துப்பாக்கி இப்படித்தான் இருக்கும்.

இப்படி ஒரு தடி ஒஹாயோவில் ஒருவர் கையில் கிடைப்பதும், இங்கிலாந்தின் லீட்ஸில் ஒருவர் கையில் கிடைப்பதும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. இரண்டு நாடுகளும் இதை எப்படி வகைப்படுத்துகின்றன, எந்த வழி மேல் என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

அமெரிக்காவில் இதற்கான சட்டம் 1934இல் வந்த தேசியத் துப்பாக்கிச் சட்டம். அதன் கதை தெரியாவிட்டால் இன்றைய விதிகள் விசித்திரமாகவே தோன்றும். அன்றைய அட்டர்னி ஜெனரல் ஹோமர் கம்மிங்ஸ் தரப்பு கொண்டுவந்த வரைவில் சாதாரணக் கைத்துப்பாக்கிகளும் இருந்தன. கைத்துப்பாக்கிக்குக் கட்டுப்பாடு போட்டால், பேனா, கைத்தடி என்று வேறு உருவத்தில் செய்து தப்பிக்கப் பார்ப்பார்கள் அல்லவா? அதை அடைக்கத்தான் ‘எனி அதர் வெப்பன்’, அதாவது ‘பிற ஆயுதம்’ என்ற வகை. எதிர்ப்பு கிளம்பியதும் கைத்துப்பாக்கிகளை வரைவிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஓட்டையை அடைக்க வைத்த வகை மட்டும் தங்கிவிட்டது. வாசற்கதவைக் கழற்றிவிட்டு ஜன்னலுக்கு மட்டும் பூட்டுப் போட்ட வீடு மாதிரி ஆகிவிட்டது சட்டம்.

விளைவைப் பாருங்கள். உடலில் மறைத்து வைக்கக்கூடியது, வெடிப்பின் ஆற்றலால் சுடுவது எதுவும் ‘பிற ஆயுதம்’. ஆனால் குழலுக்குள் புரிக்கோடு (குண்டைச் சுழலவைக்கும் சுருள் வெட்டு) உள்ள பிஸ்டலும் ரிவால்வரும் விலக்கு. ஆகவே வழக்குகளில் கேள்வி ‘இது மாறுவேடத்தில் இருக்கிறதா’ என்பதல்ல. ‘இது பிஸ்டலா இல்லையா’ என்பதுதான். பிஸ்டல் என்றால் குழலின் கோட்டுக்குக் கீழே, கோணலாக இறங்கும் பிடி வேண்டும். நேராக நிற்கும் பேனாத் துப்பாக்கிக்கு அது கிடையாது, எனவே அது ‘பிற ஆயுதம்’. பதிவு இல்லாமல் வைத்திருந்தால் குற்றம். அதே பேனாவை நடுவில் மடக்கி, பிஸ்டல் உருவத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் சுடும் என்று செய்தால், அது சாதாரண பிஸ்டல். பிரேவர்மன் நிறுவனத்தின் ஸ்டிங்கர் பேனா அப்படித்தான் தப்பித்தது.

இன்று கடையில் கிடைக்கும் டிரெயில்பிளேசர் லைஃப்கார்டும் அந்த வழியில் வந்ததுதான். மூடியிருந்தால் தடித்த உலோக அட்டை. பிடியைக் கீழே விரித்தால்தான் விசை வெளியே வரும்; .22 தோட்டா ஒன்றே ஒன்று. மடங்கிய நிலையில் சுடாது என்பதால் அது பிஸ்டல்தான். 2016இல் பெரிதாகப் பேசப்பட்ட, செல்போன் போல மடங்கும் ஐடியல் கன்சீல் துப்பாக்கிக்கும் இதே நியாயம்தான். மறுபக்கம், எல்லா விதத்திலும் சாதாரணமான ஒரு குட்டி டெரிஞ்சர் கைத்துப்பாக்கியை, உள்ளே இருந்தபடியே சுட வழி விட்ட பர்ஸ் உறைக்குள் வைத்தால், துப்பாக்கியும் உறையும் சேர்ந்து ‘பிற ஆயுதம்’ ஆகிவிடுகின்றன.

சுடும் நொடியில் எப்படித் தெரிகிறது என்பதைத்தான் அமெரிக்க விதி பார்க்கிறது. அதில் ஒரு நியாயம் உண்டு. விரித்த துப்பாக்கியைப் பார்த்தால் எதிரில் நிற்பவருக்கு ஆபத்து புரியும். ஆனால் பையில், மேசைமேல், கையில் அது செல்போனாகவே உலாவும் நேரம்தானே அதிகம்? அந்த நேரத்தைச் சட்டம் கணக்கில் எடுப்பதே இல்லை. பிடியின் கோணத்தில் போய் நிற்கும் வகைப்பாடு என்னால் ஏற்க முடியாதது.

பிரிட்டனுக்கு வருவோம். 1968 துப்பாக்கிச் சட்டத்தில், தடை செய்த ஆயுதங்களைச் சொல்லும் 5ஆம் பிரிவில் ‘வேறொரு பொருளாக மாறுவேடமிட்ட எந்தத் துப்பாக்கியும்’ என்று ஒரே வரி. ஐரோப்பிய சமூகத்தின் 1991 நெறிமுறையைப் பின்பற்றி 1992இல் சேர்த்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் இவை இன்றுவரை ‘ஏ’ வகை, அதாவது தடைப்பட்டவை. கோணம் இல்லை, புரிக்கோடு இல்லை. கேட்க வேண்டிய கேள்வியை நேராகக் கேட்கிற சட்டம்.

இன்னொரு வித்தியாசமும் முக்கியம். அமெரிக்க வரையறைக்கு வெடிப்பு வேண்டும். பிரிட்டனில் குழலிலிருந்து உயிரைப் பறிக்கும் ஏதாவது ஒன்று பாய்ந்தால் போதும். 1978 செப்டம்பரில் லண்டன் வாட்டர்லூ பாலத்தருகே பல்கேரிய எழுத்தாளர் கியோர்கி மார்க்கோவின் காலில் ரிசின் விஷம் வைத்த சிறு உருண்டை பாய்ந்தது. சில நாளில் இறந்தார். குடைக்குள் இருந்த கருவியிலிருந்து வந்தது என்றுதான் பரவலாக நம்பப்படுகிறது. அது அழுத்திய வாயுவில் இயங்கியிருந்தால் அமெரிக்க வரையறைக்குள் வராது.

ஆனால் பிரிட்டன் வழியின் கடுமை சும்மா இல்லை. மாறுவேடத் துப்பாக்கி வைத்திருக்கும் குற்றத்துக்கு வயது வந்தவருக்குக் குறைந்தபட்ச தண்டனை 5 ஆண்டு. ‘விதிவிலக்கான சூழ்நிலை’ என்று நீதிபதி கண்டால்தான் குறையும். டார்ச் உருவில், செல்போன் உருவில் வரும் மின்னதிர்ச்சிக் கருவிகளும் இதே வரியில் சிக்குகின்றன. அங்கே அதுவும் துப்பாக்கிக் கணக்குதான். நிஜமாகவே வெளிச்சம் தரும் டார்ச் என்றால் அது மாறுவேடமா, இரண்டு வேலை செய்யும் பொருளா என்று நீதிமன்றத்தில் வாதாட வேண்டியிருக்கிறது. வெளிநாட்டுச் சந்தையில் விளையாட்டாக வாங்கி வந்தவரையும் கூலிக்குக் கொல்பவரையும் ஒரே தராசில் ஏற்றும் சட்டம் என்பது என் வருத்தம்.

சரி, பதிவு விஷயம். பிரிட்டனில் உள்துறையின் தனி அனுமதி இல்லாமல் வழியே இல்லை, அதோடு முடிந்தது. அமெரிக்காவில் விண்ணப்பம், கைரேகை, புகைப்படம், பின்னணிச் சோதனை, உள்ளூர் காவல் தலைமைக்கு ஒரு அறிவிப்பு. வரிதான் வேடிக்கை: நாமே செய்தால் 200 டாலர், பதிவான ஒன்றை வாங்கினால் 5 டாலர் என்று 2025 வரை இருந்தது. அந்த 200 டாலர் 1934இல் ஒரு டாம்சன் இயந்திரத் துப்பாக்கியின் விலைக்குக் கிட்டத்தட்ட சமம். மாற்றாமலே வைத்திருந்ததால் பணவீக்கத்தில் தேய்ந்துபோனது. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டப்படி, 2026 ஜனவரி 1 முதல் இந்த வகைக்கு இரண்டும் பூஜ்யம். பதிவு மட்டும் அப்படியே இருக்கிறது.

பழைய பொருளுக்கு இரண்டு நாடுமே விலக்கு தருகின்றன, அதுவும் கிட்டத்தட்ட ஒரே கேள்வியோடு: இதற்கு இன்றும் தோட்டா கிடைக்குமா? அமெரிக்காவில் 1898க்குள் செய்த, வெடிமூடி (தனியாகப் பொருத்தும் சிறு வெடிமருந்து மூடி) வைத்துச் சுடும் ரெமிங்டன் தடி பழம்பொருள். கடையில் கிடைக்கும் .22 தோட்டா போடுவதானால் வயது மட்டும் காப்பாற்றாது. சில மாதிரிகளை மட்டும் சேகரிப்புப் பொருள் என்று பெயர் சொல்லி விலக்கியிருக்கிறார்கள். பிரிட்டனில் 2021 விதிகளின்படி 1939 செப்டம்பருக்கு முன் செய்ததாக இருக்க வேண்டும், பட்டியலில் உள்ள பழைய தோட்டா வகையாகவோ பழைய சுடும் முறையாகவோ இருக்க வேண்டும், அலங்காரமாகவோ அரும்பொருளாகவோதான் வைத்திருக்க வேண்டும். .410 தோட்டா போடும் கைத்தடிக்கு அந்தச் சலுகை இல்லை.

எனக்கு அதிகம் உறுத்துவது வாரிசுகளின் நிலை. அமெரிக்காவில் தாத்தா பதிவு செய்திருந்தால் வரியில்லாமல் பேரனுக்கு மாற்றலாம். பதிவு செய்யவில்லையா? கையில் வைத்திருப்பவர் பதிவு செய்ய வழியே கிடையாது. பதிவில்லாததை வைத்திருந்தால் 10 ஆண்டு வரை சிறை. 1968 நவம்பரில் ஒரு மாதம் பொது மன்னிப்பு கொடுத்தார்கள். மறுபடி 90 நாள் வரை அறிவிக்கும் அதிகாரம் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனாலும் எல்லாருக்குமான அப்படியொரு வாய்ப்பு அதற்குப் பிறகு வரவில்லை. பதிவேட்டின் பயனே கணக்கில் வராததைக் கணக்கில் கொண்டுவருவதுதான். நேர்மையாக வந்து சொல்பவருக்குக் கதவைச் சாத்தினால் அவர் அதைத் திரும்பப் பரணிலேயே போட்டுவிடுவார்.

பிரிட்டன் போலீஸ் அவ்வப்போது ஒப்படைப்பு வாரங்கள் நடத்துகிறது. கொண்டுவந்து கொடுப்பவர்மேல், வைத்திருந்த குற்றத்துக்காக அந்த இடத்தில் வழக்கு இல்லை. பொருள் போய்விடும், ஆள் தப்பிப்பார்.

வகைப்பாட்டுக்குப் பிரிட்டன் வரிதான் சரி என்பேன். தண்டனையில் நீதிபதிக்குக் கூடுதல் இடம் கொடுத்து. பதிவு என்று ஒன்று வைத்தால் அமெரிக்கா அந்த 90 நாள் கதவைத் திறக்க வேண்டும். அதுவரை, ஒஹாயோக்காரர் தடியைத் தொடாமல் முதலில் ஒரு வழக்கறிஞரைக் கூப்பிடட்டும். லீட்ஸ்காரர் அதைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்காமல், அவசரமில்லாத விஷயங்களுக்கான போலீஸ் எண் 101க்குப் போன் போட்டு, எப்படி ஒப்படைப்பது என்று கேட்கட்டும்.