எடைக் கணக்கில் இஃப் எங்கே, அசெர்ட் எங்கே?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் சி மொழி படிக்கும் நம் பிள்ளைகளுக்கு, செம்பனை ஆலையின் லோரி எடைக் கணக்கு அருமையான பயிற்சி. குலையோடு லோரியை நிறுக்கிறார்கள், இறக்கியபின் வெறும் லோரியை நிறுக்கிறார்கள். கழித்து வருகிற எடைக்குத்தான் சிறுதோட்டக்காரருக்குக் காசு.

இரண்டு எடையையும் குறியில்லாத 32 பிட் முழு எண்ணில் வைத்திருக்கிறோம் என்று கொள்வோம். எண்கள் இடம் மாறி 8200-லிருந்து 8600-ஐக் கழித்தால், விடை 4294966896 கிலோ என்று வரும். சி மொழிக்கு இது பிழையே அல்ல, விதிப்படி நடந்த கணக்கு. நாம்தான் தடுக்க வேண்டும்.

கழிக்கும் ஃபங்ஷனுக்குள் இஃப் (‘இப்படியென்றால் இதைச் செய்’ என்னும் கட்டளை) போட்டு, தவறென்றால் −1 திருப்பி அனுப்பலாம். ஆனால் அழைத்தவர் அதைப் பார்க்க வேண்டுமே! பார்க்காமல் விட்டால் தவறு நாலு ஃபங்ஷன் தாண்டி மாதக் கடைசிப் பட்டியலில்தான் தலைகாட்டும். எங்கே பிறந்தது என்று தேடவே ஒரு நாள் போய்விடும். அதே இடத்தில் அசெர்ட் (‘இந்த நிபந்தனை மெய்யாகவே இருக்க வேண்டும்’ என்று நாம் எழுதும் சோதனை) இருந்தால், நிபந்தனை பொய்யாகும்போது அந்த நிபந்தனை, கோப்பின் பெயர், வரி எண், சி மொழியின் 1999 தரமான சி99 முதல் ஃபங்ஷன் பெயர் எல்லாவற்றையும் அச்சிட்டு, அபார்ட் என்ற ஃபங்ஷனை அழைத்து நிரலை அங்கேயே நிறுத்திவிடும். பிழை தேடும் கருவியான ஜிடிபியில் ஓட்டினால் யார் யாரை அழைத்து அங்கே வந்தது என்பதும் தெரியும். நிரலுக்குள் பிறக்கும் தவறுக்கு நான் தயங்காமல் அசெர்ட்டைத்தான் சொல்வேன்.

ஆனால் இரவு வேலையில் கிராணி ஒரு எண்ணைத் தப்பாகத் தட்டினால்? அது நிரலின் தவறு அல்ல. அதற்காக நிரல் செத்துப்போனால் லோரிகள் வரிசையில் நிற்கும், தாமதமாகும் குலையில் கொழுப்பு அமிலம் ஏறும், எண்ணெயின் தரம் இறங்கும். வெளியிலிருந்து வரும் எண்ணுக்கு இஃப்தான் சரி: சொல்லிவிட்டு மறுபடி கேட்க வேண்டும். அந்தச் சோதனையைத் தாண்டி உள்ளே வந்தபின், 'இது இப்படித்தான் இருக்கும்' என்று நாம் நம்பும் இடத்தில் அசெர்ட்.

அசெர்ட்டில் ஓர் ஆபத்து உண்டு. என்டிபக் என்ற மேக்ரோவை (கம்பைலருக்கு நாம் தரும் ஒரு பெயர்) வரையறுத்தால் அசெர்ட் எல்லாம் மாயமாகிவிடும். நிரலைக் கட்டும் கருவியான சிமேக்கின் ரிலீஸ் பில்ட் (வெளியீட்டுக்கான கட்டமைப்பு), ஜிசிசி என்ற கம்பைலரோடு இதைத் தானாகவே செய்கிறது. எடையைப் படிக்கும் அழைப்பையே அசெர்ட்டுக்குள் எழுதியிருந்தால் படிப்பதும் சேர்ந்து போய்விடும். முதலில் படித்து, விடையை ஒரு மாறியில் வைத்து, அதை மட்டும் சோதியுங்கள். வேகத்துக்காக அணைக்க வேண்டுமா? லோரிக்கு ஒரு ஒப்பீடு எந்தக் கணினிக்கும் பாரமில்லை. ஓடட்டும்.

சி மொழியின் 2011 தரமான சி11-இல் வந்த ஸ்டாட்டிக் அசெர்ட் கம்பைல் நேரத்திலேயே பார்த்துவிடும். கோப்பில் எழுதும் பதிவின் அளவு மாறவில்லை என்று உறுதி செய்ய நல்லது. நாளைக்கு வரப்போகும் லோரியின் எடை அதற்குத் தெரியாது.

அப்புறம் சானிடைசர்கள், அதாவது நிரல் ஓடும்போது தவறுகளைக் கண்காணிக்க கம்பைலர் சேர்க்கும் சோதனைகள். 2013-இல் ஜிசிசி 4.8-இல் சேர்ந்த அட்ரஸ் சானிடைசர், அரே எல்லை தாண்டுவதை அழகாகப் பிடிக்கும். ஆனால் அந்த 4294966896-ஐ ஜிசிசியின் சானிடைசர் எதுவும் பிடிக்காது, ஏனென்றால் அது மொழி அனுமதித்த விடை. லோரியைப் பற்றிய அறிவை நாமே எழுதித்தான் ஆக வேண்டும். எழுதும்போது நிபந்தனைக்குப் பின்னால் இரண்டு ஆம்பர்சண்ட் போட்டு, மேற்கோளுக்குள் 'வெறும் லோரி எடை கூடிவிட்டது' என்று சேர்த்துவிடுங்கள். சரம் எப்போதும் மெய் என்பதால் சோதனை மாறாது, நிரல் நிற்கும்போது காரணமும் சேர்ந்து அச்சாகும்.