நெற்றிப்பட்டைக்கு எந்த அச்சு: மடித்த கடதாசியா, பாதி எக்ஸ்ரேயா, அக்ரிலிக்கா?

மாட்டுவண்டிச் சவாரியில் ஓடும் மாட்டின் தோல் நெற்றிப்பட்டை கொஞ்சம் கோணலாக இருந்தால் மாடு கவலைப்படாது, மாட்டுக்காரர் விடமாட்டார். இலை வடிவம், நடுவில் ஒரு குமிழ், இரண்டு பக்கமும் ஒரே வளைவு. ஒரு பக்கம் 2 மில்லிமீற்றர் தள்ளிப்போனாலும், இரண்டு கண்களுக்கு நடுவே கட்டியதும் தெரிந்துவிடும். பேர்சில் இந்தப் பிழையை யாரும் கவனிப்பதில்லை. கிளிநொச்சியில் இருந்து இந்த வேலை செய்கிறேன். தோலில் வைத்துக் கோடு இழுக்கும் அச்சில் மூன்று வகையையும் பாவித்துப் பார்த்தாயிற்று.

கடதாசியை மடித்துப் பாதி உருவம் வரைந்து வெட்டுவதில்தான் எல்லோரும் தொடங்குவார்கள், பள்ளிக்கூடத்தில் பூ வெட்டியது போல. டிமை தாளில் அழகாக வரும். ஆனால் அந்த மெல்லிய தாளைச் சுற்றித் தோலில் கோடு இழுக்க முடியாது. பிரிஸ்டல் மட்டையை மடித்தால் தடிப்பினால் உள்மடிப்பு நழுவும். சரி, தாளை மட்டையில் ஒட்டி வெட்டலாம் என்றால், அந்த வெட்டு மடிக்காமல் வெட்டுவது. மடிப்பு தந்த ஒற்றுமையைக் கைநடுக்கம் அங்கே திருடிக்கொள்ளும். போதாததற்கு ஒவ்வொரு முறையும் கத்தி மட்டை விளிம்பில் கொஞ்சம் சீவும், மாரியில் மட்டை சுருளும். விளிம்பில் சுப்பர் குளூ ஊறவிட்டால் கொஞ்சக் காலம் தாங்கும்.

அக்ரிலிக் பற்றி அதிகம் சொல்ல இல்லை. லேசரில் வெட்டிய 3 மில்லிமீற்றர் பலகை விளிம்போடு கத்தியை நேரே ஓட்டலாம், தேயாது. அடியில் அரத்தாள் துண்டு ஒட்டினால் தோலில் வழுக்காது. ஆனால் கணினிப் படத்தில் பிழை இருந்தால் பிழையும் அதே துல்லியத்தோடு வரும். நான் வரைந்துகொடுத்த படத்தில் நடுக்கோடு விலகியிருந்தது. வெட்டிய நாலு பட்டையும் வீண். பிழை என்னுடையதுதான், பலகை இன்னும் சுவரில் தொங்குகிறது.

என் கை அடிக்கடி போவது பழைய எக்ஸ்ரே படத்துக்குத்தான். பிளீச்சில் ஊறவைத்துத் தேய்த்தால் கறுப்பு கழன்று கண்ணாடி போலாகும். அதில் பாதி இலையை மட்டும் வெட்டுகிறேன். தோலில் நடுக்கோடு போட்டு, அச்சின் நேர் விளிம்பை அதில் வைத்து ஒரு பக்கம் கீறி, பிறகு புரட்டி மறுபக்கம் கீறுவேன்.

முழு அச்சு அளவைச் சரியாகத் தரும், ஆனால் இரண்டு பக்கமும் ஒன்றுதானா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பாதி அச்சில் இது தலைகீழ். நடு விளிம்பில் 1 மில்லிமீற்றர் கூடச் சீவிவிட்டால் முழு அகலத்தில் 2 குறையும். ஆனாலும் இரண்டு பக்கமும் ஒன்றாகவே குறையும். நெற்றியில் 2 மில்லிமீற்றர் ஒடுக்கம் யாருக்குத் தெரியும்?

புரட்டும்போது அச்சு மேலே கீழே நகர்ந்தால் மட்டும் நுனியில் படி விழும். அதற்கு நடுவிளிம்பில் குமிழ் வரும் இடத்தில் அரை வட்டக் குறி ஒன்று வெட்டி, தோலில் குத்தூசியால் குத்திய புள்ளியோடு பொருத்துகிறேன். அந்தப் புள்ளியைக் குமிழ் மூடிவிடும்.

எக்ஸ்ரேயின் இன்னொரு நன்மை, ஊடே பார்க்கலாம். நம் ஊர் மாட்டுத்தோலில் குறிசுட்ட தழும்பு, முள் கீறியது, உண்ணி கடித்தது எல்லாம் இருக்கும். கீறுவதற்கு முன்பே அச்சை நகர்த்தித் தழும்பைத் தவிர்க்கலாம். மட்டையில் வெட்டிய பிறகுதான் தலையில் கை வைப்போம். குறை என்றால், படம் மெல்லியது என்பதால் கத்தி மேலே ஏறிவிடும். கோடு இழுக்க மட்டுமே அது. வெட்டும்போது அச்சை எடுத்துவிட்டு, கோட்டைப் பார்த்துக் கத்தியை ஓட்டுவதுதான்.

எந்த அச்சானாலும் மாட்டின் முதுகுப் பகுதித் தோலில் வையுங்கள். வயிற்றுப் பக்கத் தோல் இழுபடும். ஒத்த வடிவில் வெட்டிய பட்டையும் கட்டி ஒரு மாதத்தில் ஒருபக்கம் நீண்டுவிடும்.

அக்ரிலிக்கை நான் கைவிட்டதற்கு உண்மையான காரணம் வேறு. சோடி மாடு என்றாலும் இரண்டின் நெற்றியும் ஒரே அகலம் இல்லை. பாதி அச்சை நடுக்கோட்டிலிருந்து 3 மில்லிமீற்றர் தள்ளி வைத்தால் பட்டை 6 மில்லிமீற்றர் அகலும், புது அச்சு வேண்டாம். நுனி மட்டும் மொட்டையாகும். அதை 5 ரூபாய்க் குற்றியை வைத்து உருட்டிவிடுகிறேன்.