6,850 ரிங்கிட் போயிற்று: ஐ.டி. பட்டப்படிப்புக்குப் பணம் கட்டப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

நேற்று மாலைதான் காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டு வந்தேன். ஆத்திரம் அடங்கிய பிறகு எழுதலாம் என்று மனைவி சொன்னாள். அடங்கிய பிறகு எழுதினால் பாதியை மறைத்துவிடுவேன் என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

நான் சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் கிராணியாக (எழுத்தராக) இருக்கிறேன். என் மகள் ஆறாம் படிவத் தேர்வான எஸ்.டி.பி.எம். முடித்தவள். அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கைப் பிரிவான யூ.பி.யூ. வழியாகக் கேட்ட தகவல் தொழில்நுட்பப் படிப்பு கிடைக்காமல் வேறு ஏதோ துறை வந்ததால், அதை விட்டுவிட்டுத் தனியார் கல்லூரி தேடிக்கொண்டிருந்தோம். அந்த நேரத்தில்தான் பட்டணத்தில் கடைவீட்டு மாடியில் இயங்கும் ஒரு கல்வி ஆலோசனை மையத்தின் விளம்பரம் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) வந்தது. பெயரை நான் எழுதப்போவதில்லை. புகார் விசாரணையில் இருக்கிறது.

அங்கே எங்களை உட்காரவைத்துப் பேசிய இளைஞர் நல்ல தமிழில் பேசினார். "நானும் தோட்டத்துப் பிள்ளைதான் அங்கிள், என் அம்மா பால் வெட்டிப் படிக்கவைத்தவங்க" என்றார். ஈப்போவில் உள்ள ஒரு கல்லூரியில் மூன்று ஆண்டு ஐ.டி. பட்டப்படிப்பு, முதல் பருவக் கட்டணத்தை மட்டும் நாம் கட்டினால் போதும், மீதியைப் பி.டி.பி.டி.என். என்ற அரசு உயர்கல்விக் கடன் பார்த்துக்கொள்ளும் என்றார். அட்டையில் புரோகிராமிங், டேட்டாபேஸ், சைபர் பாதுகாப்பு, செயற்கை நுண்ணறிவு என்று எல்லாமே அச்சிட்டிருந்தது. மகளின் கண் அந்த அட்டையை விட்டு நகரவில்லை.

மலேசியத் தகுதி முகமையான எம்.கியூ.ஏ.வின் அங்கீகாரம் உண்டா என்று நான் கேட்காமல் இல்லை. கேட்டதும் அவர் தம் கைப்பேசியிலேயே அந்த முகமையின் தகுதிப் பதிவேட்டைத் திறந்து, அட்டையில் இருந்த எண்ணை என் கண் முன்னே தட்டிக் காட்டினார். கல்லூரியின் பெயர் வந்தது, எண்ணும் வந்தது. படிப்பின் பெயர் இருந்த வரியை அவருடைய கட்டைவிரல் மறைத்திருந்ததா, நான்தான் படிக்காமல் விட்டேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. தினமும் செக்ரோலில் (தொழிலாளர் சம்பளப் பதிவேட்டில்) எண்ணும் பெயரும் பொருந்துகிறதா என்று பார்த்துப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். அன்று எண்ணை மட்டும் பார்த்தேன்.

ஊழியர் சேமநிதியான ஈ.பி.எப். கணக்கிலிருந்து படிப்புக்காக எடுத்துக் கட்டுகிறேனே என்றேன். "அதற்கு நாளாகும் அங்கிள், இடம் போய்விடும்" என்றார். இப்போது யோசித்தால், ஈ.பி.எப். அலுவலகம் முதலில் கல்லூரியின் சேர்க்கைக் கடிதத்தைத்தான் கேட்டிருக்கும், அதைக் கேட்டிருந்தால் அவருடைய குட்டு அன்றைக்கே உடைந்திருக்கும். நானோ மனைவியின் சங்கிலியை அடகு வைத்து, கூட்டுப் (சீட்டுப்) பணத்தையும் சேர்த்து, 5,000 ரிங்கிட்டை அவர் கொடுத்த வங்கிக் கணக்குக்கு அனுப்பினேன். மீதி 1,900 ரிங்கிட்டை நோட்டாக மேசையில் வைத்தேன். அவர் எண்ணி முடித்து, ஒரு 50 ரிங்கிட் நோட்டை எடுத்து என் சட்டைப்பையில் வைத்து, "பெட்ரோலுக்கு வைங்க அங்கிள், தங்கச்சி நல்லாப் படிச்சா போதும்" என்றார். சேர்க்கைக் கடிதம் கையில் இல்லை, கணக்கு தனி ஆளின் பெயரில் இருக்கிறது, ரசீதில் கல்லூரியின் முத்திரை இல்லை. ஆனால் அந்த ஐம்பது வெள்ளி எல்லாவற்றையும் மறக்கடித்துவிட்டது. 6,850 ரிங்கிட்டுக்கு அவர் செலவு செய்தது அவ்வளவுதான், அதுவும் என் பணம்.

மூன்று வாரம் கழித்து மகள் பி.டி.பி.டி.என். விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தாள். எங்கள் தோட்டத்தில் இணையம் ஒழுங்காகக் கிடைப்பது மாரியம்மன் கோயில் படிக்கட்டில்தான். அங்கிருந்து திரும்பி வந்தவள் ஒன்றும் பேசாமல் கைப்பேசியை என் முன்னால் வைத்தாள். அந்தக் கல்லூரி பட்டியலில் இருந்தது, ஐ.டி. பட்டப்படிப்பு இல்லை. தகுதிப் பதிவேட்டில் அதே எண்ணைத் தட்டிப் பார்த்தபோது, அது வணிக நிர்வாக டிப்ளோமாவுக்கு உரிய எண் என்று தெரிந்தது.

உடனே அந்த இளைஞரைக் கூப்பிட்டேன். "கல்லூரித் தரப்பில் பேசிக்கொண்டிருக்கிறோம்" என்றார். அடுத்த வாரம் கேட்டபோது, பணம் திரும்பி வர 14 வேலை நாள் ஆகும் என்று செய்தி வந்தது. பதினான்கு நாளும் போன பிறகு, கணக்குப் பிரிவு கோலாலம்பூரில் இருக்கிறதாம். நேரில் போனேன், முகப்பில் இருந்த பெண் தலையை நிமிர்த்தாமலே "பாஸ் அவுட்ஸ்டேஷன்" என்றாள். ஈப்போவுக்குப் போய்க் கல்லூரியிலேயே விசாரித்தால், அந்த மையத்தோடு தங்களுக்குத் தொடர்பே இல்லை, என் மகளின் பெயரில் ஒரு காசும் வரவில்லை என்று கைவிரித்தார்கள். கடைசியாக அந்த இளைஞரிடமிருந்து வந்த யோசனைதான் எனக்கு நெஞ்செரிச்சலைத் தந்தது: 6,850 ரிங்கிட்டைத் திருப்பித் தர இயலாதாம், வேண்டுமானால் இன்னும் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். கூட எழுதாத என் மகனுக்கு ஓர் இடம் பிடித்துவைப்பாராம். அதன் பிறகு நான் அனுப்பும் செய்திகளுக்கு நீலக் குறி விழுகிறது, பதில் விழுவதில்லை.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு கொடுத்திருக்கிறேன். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அங்கே 5 ரிங்கிட் கட்டணத்தில் பதியலாம், வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. 997 என்ற மோசடிப் புகார் எண்ணையும் அழைத்தேன். ஆனால் பணம் அனுப்பி ஏழு வாரம் ஆகிவிட்டிருந்தது. அனுப்பிய உடனேயே அழைத்தால்தான் பணத்தை முடக்கிவைக்க வழி உண்டு.

பெற்றோருக்கு விரிவாக ஆலோசனை எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், மனம் ஓடவில்லை. அங்கீகார எண்ணை உங்கள் கைப்பேசியில் நீங்களே தட்டுங்கள். படிப்பின் பெயரையும், பட்டமா டிப்ளோமாவா என்பதையும் வாய்விட்டுப் படியுங்கள். எண்ணுக்கு முன்னால் எஃப்.ஏ. (FA) என்றிருந்தால் முழு அங்கீகாரம், பி.ஏ. (PA) என்றிருந்தால் தற்காலிகமானது. எஸ்.பி.எம். முடித்த கையோடு நேராகப் பட்டப்படிப்பு என்று எவராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கட்டணத்தைக் கல்லூரியின் பெயரில் உள்ள கணக்குக்கு மட்டும் கட்டுங்கள். அனுப்புவதற்கு முன் அந்தக் கணக்கு எண்ணைக் மோசடிக் கணக்குகளைச் சரிபார்க்கும் காவல் துறையின் 'செமாக் மியூல்' இணையப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். நான் நேற்று இரவுதான் போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்கின் மேல் எனக்கு முன்பே மூன்று புகார்கள் இருந்தன.