ஆணியில் தொங்கும் ஐந்து பிட்டுகள்

என் லாயத்துச் சுவரில் ஐந்து ஆணிகள், ஐந்திலும் ஐந்து விதமான பிட்டுகள். கடிவாளத்தில் வாய்க்குள் போகும் இரும்பைத்தான் சொல்கிறேன். நான்கு ஆண்டுகளில் ஒரே குதிரைக்காகச் சேர்ந்தவை இவை. குதிரை ஒரு பிட்டை ஏய்க்கக் கற்றுக்கொண்டால் அடுத்ததை மாட்டு, அதற்கும் பழகினால் இன்னொன்றை மாட்டு என்ற யோசனையை நம்பினேன். அது பாதிதான் பலித்தது.

அந்தக் குதிரை கரியன். ஓய்வுபெற்ற பந்தயக் குதிரை, பந்தயத்துக்கென்றே வளர்க்கும் தரோபிரெட் இனம். பந்தயத்தில் பழகிய குதிரைக்கு லகானை இறுக்கிப் பிடிப்பது நில் என்று அர்த்தமாகாது. பிட்டின் மேல் சாய்ந்து இன்னும் விரட்டு என்றே அர்த்தமாகும். நான் இழுக்க இழுக்க அவன் பறந்தான். வரும்போது அவன் வாயில் இருந்தது நடுவில் ஒரே மூட்டுள்ள சாதாரண ஸ்னாஃபிள், அதாவது நெம்புகோல் இல்லாமல் லகான் நேராக இழுக்கும் பிட்.

முதல் மாற்றம், நடுவில் சிறு கொட்டை வைத்த இரட்டை மூட்டு ஸ்னாஃபிள். மூன்று வாரம் சொன்ன பேச்சைக் கேட்டான். நாலாவது வாரம் தாடையை மார்போடு ஒட்டிக்கொண்டான். லகான் தொய்ந்து கையில் ஒன்றுமே இல்லாமல் போயிற்று, வேகம் மட்டும் குறையவில்லை.

அடுத்தது வாட்டர்ஃபோர்டு. குண்டு குண்டாகக் கோத்த சங்கிலி போன்றது; எந்தப் பக்கமும் வளையும் என்பதால் பல்லால் கவ்வவோ சாயவோ பிடி கிடைக்காது. இது புதுக் கண்டுபிடிப்பு என்று நினைத்திருந்தேன். விறைப்பான பிட்டைக் குதிரை முழுதாகக் கவ்விக்கொள்ளும், சங்கிலிபோல் வளைவதில் ஒரு பக்கத்தைப் பிடித்தால் மறுபக்கம் நழுவும் என்று கிரேக்கத்தின் செனபோன் சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டார். எனக்கு அது ஐந்து வாரம் உழைத்தது. பிறகு கரியன் தலையை வானத்தை நோக்கித் தூக்கினான். பிட் வாயோரத்துக்கு ஏறிவிட்டது.

அப்போதுதான் தப்பான பாதையில் இறங்கினேன். தாடைச் சங்கிலியும் நெம்புகோல் தண்டும் உள்ள பெலம் பிட் வாங்கினேன். ஒன்பதே நாள்! வாயைப் பிளந்து தாடையைக் கோணினான். ஒருவர் முள் வைத்த பிட்டைப் போடச் சொன்னார். வண்டிக் குதிரைகளுக்கும் பொதி சுமக்கும் விலங்குகளுக்குமான 1965ஆம் ஆண்டு விதிகளே அதைத் தடை செய்கின்றன. சவாரிக் குதிரையின் வாயில் அதைத் திணிக்க எனக்கு மனம் வரவில்லை. போகட்டும் என்று ரப்பர் பூசிய நேர்க்கம்பி ஒன்றை மாட்டினேன். நாக்கை அதன் மேலே போட்டுக்கொண்டான்; மூன்று மாதத்தில் ரப்பரையும் மென்று தீர்த்தான்.

நோட்டுப் புத்தகத்தில் தேதி குறித்து வைத்திருந்ததால் ஒன்று புரிந்தது. மூன்று வாரம், ஐந்து வாரம், ஒன்பது நாள். இருப்பதிலேயே கடுமையான பெலத்துக்குத்தான் அவன் மிகச் சீக்கிரம் வழி கண்டுபிடித்தான்.

குதிரையைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர், இத்தனை இரும்பை மாற்றிய நான் வாயை ஒரு முறையாவது திறந்து பார்த்தேனா என்று கேட்டார். சுருக்கென்றது. கால்நடை மருத்துவரை வரவழைத்தோம். குதிரைப் பல் தேயத் தேய ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை வெளியே வந்துகொண்டே இருக்கும். தேய்மானம் சீராக இல்லாவிட்டால் மேல் கடைவாய்ப்பல்லின் வெளியோரம் கத்திபோல் கூராகிவிடும். கரியனுக்கு இடப்பக்கக் கன்னத்தின் உட்புறம் கிழிந்திருந்தது. எந்த பிட்டை மாட்டினாலும் இடது லகானை இழுத்தால் அந்தக் கூர்ப்பல்லில்தான் கன்னம் அழுந்தியிருக்கும். பல்லை ராவி, புண் ஆறும்வரை சவாரியை நிறுத்தினோம்.

பிறகு நூலால் வாயகலத்தை அளந்தேன்: 125 மில்லிமீட்டர் பிட் போதும். நான் அளக்காமல் வாங்கியிருந்த இரட்டை மூட்டு 135. அகலம் கூடிப்போனதால் நடுப்பகுதி நாக்கின் மேல் தொங்கிக்கொண்டு இடம் வலமாக நழுவியிருக்கிறது. கன்னத்து வாரை ஏற்றிக் கட்டியும் சரியாகவில்லை, சரியான அளவில் வேறு வாங்கினேன். தடித்த பிட் மென்மையானது என்ற நம்பிக்கையும் அதோடு போயிற்று. கரியன் வாயில் நாக்குக்கே இடம் குறைவு.

இப்போது இரண்டரை ஆண்டுகளாக இரண்டுதான் புழக்கத்தில். வேலி போட்ட திடலில் 125 இரட்டை மூட்டு, திறந்த வெளியில் வாட்டர்ஃபோர்டு. ஏய்த்த பிறகு மாற்றுவதில்லை, இடத்தைப் பொறுத்து மாற்றுகிறேன். இதில் சுழற்சி நிஜமாகவே பயன் தருகிறது: சாய்வதற்குப் பழக்கம் ஊறுவதற்குள் வாயில் வேறு உணர்வு வந்துவிடுகிறது. குதிரையின் நடையையும் கீழ்ப்படிதலையும் மதிப்பிடும் டிரெசாஜ் போட்டிக்குப் போகிறவர்கள் மட்டும் வாட்டர்ஃபோர்டுக்கு அங்கே அனுமதியில்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

முற்றிலும் திருந்திவிட்டான் என்று சொல்ல மாட்டேன். வீடு திரும்பும் பாதையில், லாயம் கண்ணில் பட்டதும் இன்னும் இழுக்கிறான். அங்கே இறங்கி நடந்தே கூட்டி வருகிறேன். பெலத்தை விற்கக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள், கொடுக்கவில்லை. அந்த ஆணியில் அதன் மேலேயே வைக்கோல் வலையை மாட்டி வைத்திருக்கிறேன்.