தெள்ளத்தெளிவா, திட்டவட்டமா?

செய்தியும் அறிவிப்பும் எழுதுகிறவர்கள் இந்த இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றாகப் போட்டுவிடுகிறார்கள். நான் பெரும்பாலும் தெள்ளத்தெளிவையே எடுப்பேன்.

வினையை மாற்றிப் பார்த்தால் வேறுபாடு பிடிபடும். ‘திட்டவட்டமாக மறுத்தார்’ இயல்பாக வருகிறது; ‘தெள்ளத்தெளிவாக மறுத்தார்’ ஒட்டவில்லை. ‘தெள்ளத்தெளிவாகப் புரிந்தது’ சரி. ‘திட்டவட்டமாகப் புரிந்தது’ நொண்டுகிறது. ‘சொல்’ போன்ற வினைகள்தான் இரண்டையும் ஏற்கும், குழப்பமும் அங்கேதான். மருத்துவர் தெள்ளத்தெளிவாகச் சொன்னார் என்றால் நோயாளிக்கு விளங்கிவிட்டது. திட்டவட்டமாகச் சொன்னார் என்றால் இனி பேச்சை மாற்றமாட்டார், அவ்வளவுதான். ‘முடியாது என்று திட்டவட்டமாகச் சொல்லிவிட்டார், ஏன் என்றுதான் யாருக்கும் விளங்கவில்லை’ என்று எழுதலாம். அந்த இடத்தில் தெள்ளத்தெளிவை வைத்தால் வாக்கியம் தன்னோடு தானே முரண்படும். ஆகவே படிப்பவருக்குப் புரிவது முக்கியமான இடத்தில் திட்டவட்டம் உதவாது.

தெளிவுக்குள் கலங்கிய நீர் இருக்கிறது. பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்து நீரூற்றி வைத்தால் வண்டல் அடியில் தங்கும், மேலே நிற்பது தெளிவு. முன்பு குழம்பியிருந்து பிறகு விளங்கிய செய்திக்கு இந்தச் சொல் அதனால்தான் அத்தனை பொருத்தம்: ‘பத்திரங்களை ஒப்பிட்டதும் எல்லை எதுவென்று தெள்ளத்தெளிவானது.’ குழப்பமே இல்லாத ஒன்றுக்கு ‘உள்ளங்கை நெல்லிக்கனி’ போதும்.

வெட்டவெளிச்சம் வேறு வகை. மறைத்து வைத்தது அம்பலமாகும்போது வருவது. ‘தேர்வு முடிவு வெட்டவெளிச்சமானது’ என்று எழுதினால் முறைகேடு நடந்ததோ என்ற சந்தேகம் வரும். ‘ஐயந்திரிபற’ மிகக் கறாரானது: கிடப்பது கயிறா பாம்பா என்று தயங்குவது ஐயம், கயிற்றையே பாம்பென்று கொள்வது திரிபு. இரண்டையும் நீக்கி நிறுவினால் மட்டும் அதைப் போடலாம். இதெல்லாம் எழுத்துத் தமிழுக்கு; பேச்சில் ‘தெளிவா’ என்பதே எல்லாவற்றுக்கும் ஈடுகொடுத்துவிடும்.

தெள்ளத்தெளிவிலும் சில பிழைகள் வழக்கமாக நேர்கின்றன. நடுவில் வரும் ‘த்’ விடுபடக் கூடாது. ‘பட்டப்பகல்’, ‘புத்தம்புதிய’ போல அடுக்கிலேயே மிகுதி இருப்பதால் முன்னால் ‘மிக’ வேண்டாம். எதிர்மறையிலும் ஒட்டாது: ‘விதி தெள்ளத்தெளிவாக இல்லை’ என்பதைவிட ‘விதி தெளிவாக இல்லை’ என்பதே நல்ல தமிழ்.